உத்திரமேரூர் வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்: இடப்பெயர்வும் இடையறா உறவும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் ஆர்ப்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. பாலாற்றுக்கும் சேயாற்றுக்கும் இடையே, ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் நிலப்பகுதி அது. அவ்வூரில் பழமையான புத்தர் திருவுருவங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. சிவன் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு உள்ளது. இவற்றோடு ஆதிநாதர் ஜினாலயமும் அவ்வூரிலேயே இருக்கிறது.

ஒரே ஊரில் மூன்று சமயங்களின் தடயங்கள் காணப்படுவது தொண்டை மண்டலத்தில் புதுமையன்று. எண்ணிப் பார்க்கத் தக்கது வேறொன்று. புத்தர் சிலைகள் எஞ்சின. அவற்றைப் பரம்பரையாக வணங்கி வந்த குடிகள் எஞ்சவில்லை. ஆதிநாதருக்கோ இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. ஆர்ப்பாக்கத்தை அடுத்துச் சேயாற்றின் கரையில் அமைந்த மாகறலிலும் பண்டு ஒரு ஜினாலயம் இருந்தது. அது இன்று இல்லை. அரசர் ஆதரவும், மண்ணும், மழையும் இவ்வூர்களுக்கெல்லாம் பொதுவாகவே அமைந்தன. ஒரு திருக்கோயிலில் விளக்கு எரிவதும் மற்றொன்றில் அணைவதும் எதனால் என்னும் வினாவுக்கு, இவ்வட்டாரத்துச் சமணர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வரலாறே விடை கூறுகிறது.

பள்ளிச்சந்தமும் ஊரார் பொறுப்பும்

வேகவதி ஆற்றின் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் போற்றப்படுவதைத் தமிழ்ச் சமணர் அனைவரும் அறிவர். அதன் தொன்மைக்குச் சான்றாக விளங்குவது பள்ளன்கோயில் செப்பேடு. சிம்மவிஷ்ணுவின் தந்தையாகிய பல்லவ மன்னன் சிம்மவர்மன், தன் 6ஆம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றில் வாழ்ந்த நந்தி சங்கத்து வச்சிரநந்தி அடிகளுக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தியை அது கூறுகிறது. அவ்வூர் வெண்குன்றக் கோட்டத்துப் பெருநகர நாட்டில் அமைந்திருந்தது. பெருநகர் என்னும் ஊர் இன்றும் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டிலேயே காஞ்சியின் ஜினாலயம் இவ்வட்டார உழவர் விளைவித்த நெல்லைக் கொண்டு வழிபாடு நடத்தியது என்பது இதனால் விளங்கும். அச்செப்பேடு கிடைத்த இடமோ காஞ்சியன்று. காவிரி டெல்டாவில் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த பள்ளன்கோயில் ஆகும். ஓர் அறக்கட்டளையின் ஆவணமே பல காத தூரம் பயணம் செய்திருக்கிறது.

640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அந்நகரில் நிர்க்கிரந்தர் மிகுதியாக இருந்ததைக் குறிப்பிட்டுள்ளார். பின்னர்ச் சைவ, வைணவ பக்தி இயக்கங்கள் ஓங்கின. மாகறல் சம்பந்தரின் பதிகம் பெற்ற தலமாயிற்று. மன்னரின் நாட்டம் மாறிய அக்காலத்தில் சமணத் துறவியரைத் தாங்கியவர் யாவர்?

வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடாலில் காணப்படும் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. முதலாம் ஆதித்த சோழனுடையதாகக் கருதப்படும் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. குணகீர்த்தி பட்டாரகரின் மாணவியாகிய கனகவீரக் குரத்தியாரும் அவருடைய மாணவியர் 500 பேரும் அங்கே தங்கியிருந்தனர். அவர்களுக்கும் மற்றொரு சாரார் 400 தவப்பெண்டிருக்கும் இடையே பிணக்கு நேர்ந்தது. அப்பொழுது அவ்வூர் இல்லறத்தார், குரத்தியாரையும் அவர்தம் மாணவியரையும் காத்து உணவளிப்பதாக ஒப்புக்கொண்டு அதனைக் கல்லில் பொறித்தனர். அரசாணையால் அமைந்த பாதுகாப்பன்று இது. நிலத்தை உழுது உண்ட சிராவகர் தாமே மேற்கொண்ட கடமை. துறவியர் ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர். அவர்கள் வந்து செல்வதற்கு நிலையான குடிகள் வேண்டும். தொண்டை மண்டலத்தில் சமணம் பிழைத்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

வந்தவர்க்கு இடமளித்த நாடு

உத்திரமேரூர் என்றவுடன் நினைவுக்கு வருவது முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைத் தூர்வாரி, மதகைச் செப்பனிட்டு, கரையைக் காக்கும் பொறுப்பு அதனுடையது. இந்நாட்டு மக்களின் வாழ்வு ஏரிக்கரையில் தொங்கியது. கரை உடைந்தால் ஊரே பெயர வேண்டும் என்பதை அம்முன்னோர் அறிந்திருந்தனர்.

வெளியூரிலிருந்து வந்தவரையும் இந்நாடு ஏற்றது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரில் ஈழப் படை புகுந்து முன்னேறியபோது, தொண்டை நாட்டுத் தலைவராகிய எதிரிலிசோழச் சம்புவராயர் அச்சமுற்று, கௌட நாட்டிலிருந்து வந்திருந்த உமாபதிதேவரிடம் முறையிட்டார். அவர் 28 நாள் வழிபாடு செய்தார். ஈழப் படை பின்வாங்கியதும் அவருக்கு ஆர்ப்பாக்கம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டது. அவ்வூர்ச் சிவன் கோயிலிலுள்ள இரண்டாம் இராசாதிராசன் காலக் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. வங்கத்திலிருந்து வந்த ஒரு சைவ ஆசாரியருக்கும், ஆதிநாதரை வணங்கிய சமணருக்கும், புத்தரை வணங்கியவருக்கும் ஒரே ஊர் இடமளித்திருக்கிறது.

சமணரின் உறவுகளும் இதுபோலவே நெடுந்தொலைவு பரந்தன. விசயநகரப் பேரரசர் இரண்டாம் அரிகரரின் தண்டநாயகராகிய இருகப்பர், 1382இல் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதருக்கு மகேந்திரமங்கலம் என்னும் ஊரை வழங்கினார். பின்னர்த் தம் குருவாகிய புட்பசேன முனிவரின் கட்டளைப்படி அங்கே சங்கீத மண்டபத்தை எழுப்பினார். அதன் கல்வெட்டு 1387ஆம் ஆண்டினது. அதே இருகப்பர்தாம் துங்கபத்திரைக் கரையில், விசயநகரத் தலைநகரிலேயே, குந்துநாத தீர்த்தங்கரருக்கு 1385–86ஆம் ஆண்டளவில் கோயில் எடுத்தவர். புட்பசேனரின் ஆசிரியர் மல்லிசேன வாமனர். தமிழில் மேருமந்தர புராணத்தை இயற்றியவரும், நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் உரை வரைந்தவரும் அவரே. வேகவதிக் கரையில் தமிழில் நூல் செய்த முனிவரின் மாணாக்கரிடம், கன்னட நாட்டுப் படைத்தலைவர் ஒருவர் அறம் கேட்டார் என்பது, அக்காலத்தில் மொழி எல்லை சமய உறவுக்குத் தடையாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

இவ்வுறவு பாதுகாப்பாகவும் பயன்பட்டது. 1368இல் சமணருக்கும் வைணவருக்கும் எழுந்த பூசலை முதலாம் புக்கர் தீர்த்து வைத்த கல்வெட்டு சிரவணபெளகொளாவில் உள்ளது. இரு தரத்தாருக்கும் வேற்றுமை கருதலாகாது என்பது அதன் முடிவு. அவ்வுடன்பாட்டில் பங்கு பெற்ற வைணவருள் திருவரங்கத்தாரோடு காஞ்சிப் பெருமாள் கோயிலாரும் அடங்குவர்.

செஞ்சி தந்த துன்பமும் சிரவணபெளகொளா தந்த துணையும்

அடுத்து வந்த துன்பம் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவது. செவிவழியாக வந்து, பிற்காலத்தில் மாவட்ட விவரச் சுவடியிலும் இடம்பெற்ற மரபு அது. 1478ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் தலைவன், பெண் கேட்டு அவமதிப்புற்ற சினத்தால் சமணரைக் கொன்று குவித்தான் என்பர். எஞ்சியோருள் சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் நீறு பூசி உயிர் தப்பினர். அவர் வழியினர் நீறுபூசி வேளாளர் எனப்பட்டனர். சிலர் வீட்டுக்குள் மறைவாக அருகனை வணங்கினர்.

உப்புவேலூரில் ஒருவர் மாலை வேளையில் நீர்நிலையில் நின்று சமண முறைப்படி வழிபடுகையில் காவலரிடம் அகப்பட்டார். அன்று அரண்மனையில் ஆண்மகவு பிறந்திருந்தமையால் தலைவன் அவரைக் கொல்லாது விடுத்தான். உயிர் தப்பிய அவர் சிரவணபெளகொளா சென்று, மறைநூல் கற்றுத் துறவு பூண்டு, வீரசேனாசாரியர் ஆனார். இதற்கிடையே தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையம் சென்று, அங்கிருந்த பாளையக்காரரிடம் அடைக்கலமும் நிலமும் பெற்றிருந்தார். நல்லிடம் கிடைத்ததும் அவர் தம் வாழ்வை மட்டும் பார்த்துக்கொண்டு அமைந்துவிடவில்லை. சிரவணபெளகொளாவுக்குச் சென்று வீரசேனாசாரியரை அழைத்து வந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, நீறு பூசியவர்களுக்கு மீண்டும் பூணூல் அணிவித்து, சமண நெறியில் சேர்த்தனர். அந்நன்றி மறவாமல், தாயனூர் உடையார் வழியினருக்கு முதல் வெற்றிலை பாக்கு அளிக்கும் மரியாதை ஏற்பட்டது.

இவ்வரலாற்றின் உட்பொருள் ஆழமானது. இதில் வரும் இருவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள். ஒருவர் கல்வி தேடிச் சென்றார். மற்றவர் உயிர் காக்கச் சென்றார். இருவரும் திரும்பி வந்தனர். பெயர்ந்து சென்ற இடத்தில் ஒருவர் பெற்ற நூலறிவும், மற்றவர் பெற்ற பொருளும் ஊரில் எஞ்சியிருந்தவர்களுக்குப் பயன்பட்டன. ஊரிலேயே இருந்து ஒளிந்து வணங்கியவர் இல்லையேல் திரும்பி வந்தவர்க்கு மீட்பதற்கு எதுவும் இருந்திராது. திரும்பி வந்தவர் இல்லையேல் ஒளிந்து வணங்கியவரின் வழிபாடு அவர் தலைமுறையோடு முடிந்திருக்கும்.

ஜினகாஞ்சி மடம் காஞ்சியிலிருந்து மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்ததையும் இவ்வாறே நோக்க வேண்டும். தில்லி, கொல்லாபுரம், ஜினகாஞ்சி, பெனுகொண்டா என்னும் நான்கு பீடங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. மடம் இடம் மாறிற்று. ஜினகாஞ்சி என்னும் பெயர் மாறவில்லை. மேல்சித்தாமூர்ப் பட்டாரகர் இன்றும் அப்பெயரையே தாங்குகிறார். குடிகள் எங்கு அடர்ந்திருந்தனவோ அங்கே மடம் சென்றது. தோன்றிய இடத்தின் நினைவைப் பெயரில் கொண்டு சென்றது.

படையும் பஞ்சமும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வட்டாரம் முழுவதும் சூறையாடப்பட்டது. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலப் படையை வீழ்த்தியது. குதிரைப் படைகள் சென்ற வழியெல்லாம் பயிர் அழிந்தது, ஊர்கள் வெறிச்சோடின. மக்கள் சென்னைக்கும் பிற இடங்களுக்கும் ஓடினர். பதினைந்து ஆண்டுகள் கழித்தும் செங்கற்பட்டுச் சீமை முழுமையாக மீளவில்லை. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடைந்த ஏரிகளைச் செப்பனிட்டு, ஓடிய உழவரைத் திரும்ப அழைப்பதையே தம் முதற்கடனாகக் கொண்டார். மதுராந்தகம் ஏரியைக் காத்த இராமரைப் பற்றிய கதை அவரோடு இணைத்துச் சொல்லப்படுவது பலரும் அறிந்ததே. ஏரி வாரியத்தை அமைத்த உத்திரமேரூர் முன்னோர் உணர்ந்ததையே ஆங்கில அதிகாரியும் உணர்ந்தார். ஏரி நிறைந்தால் குடிகள் திரும்புவர்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அடுத்த பேரிடி. மழை பொய்த்து ஏரிகள் வறண்டன. உழவுத் தொழிலை நம்பிய குடிகள் கூலி தேடிச் சென்னைக்கும், கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றனர். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரணப் பணியாகத் தோண்டப்பட்டது அக்காலத்தில்தான். நிலத்தையும் அதன் நெல்லையும் நம்பி வழிபாடு நடத்திய திருக்கோயில் எச்சமயத்தைச் சார்ந்ததாயினும், வானம் பொய்த்தபோது அதன் விளக்கும் தடுமாறியது.

குடந்தையில் காக்கப்பட்ட சிந்தாமணி

இத்துணைத் துன்பங்களுக்கு இடையேயும் பெயர்ந்த குடிகள் எதைக் கொண்டு சென்றன என்பதற்கு ஒரு சான்று போதும். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது சமண மரபுச் செய்திகள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் வீட்டில் சமணர் கூடிச் சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துப் பொருள் கூறி வருவதை அறிந்து அங்கே சென்றார். அவருடைய ஐயங்கள் பல அங்கே தீர்ந்தன. 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. தமிழ் மறுமலர்ச்சியின் தொடக்கமாகப் போற்றப்படும் அப்பதிப்புக்குத் துணை செய்தது அரசவையோ பல்கலைக்கழகமோ அன்று. சிறுபான்மையாய் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் வீட்டுக் கூடம்.

அக்குடும்பத்தார் தம் வீட்டுக் கூடத்தில் படிப்பதை நிறுத்தியிருந்தால் ஏட்டுச் சுவடி மட்டும் எஞ்சியிருக்கும். அதன் பொருளை விளக்க ஒருவரும் எஞ்சியிருக்க மாட்டார். ஆர்ப்பாக்கத்துப் புத்தர் சிலைகள் எஞ்சியதும், அவற்றை வணங்கிய குடிகள் எஞ்சாததும் இங்கே மீண்டும் நினைவுக்கு வரும்.

இக்காலத்து இடப்பெயர்வு

இருபதாம் நூற்றாண்டில் தமிழ்ச் சமணர் கல்வியை நாடினர். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் ஆயினர். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சென்னை மாநிலக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்ததோடு, 1936இல் நீலகேசியைப் பதிப்பித்தார். தமிழில் சமணர் செய்த இலக்கியப் பணியை ஆங்கிலத்தில் 1941இல் நூலாக்கினார். நகரத்துக்குச் சென்ற கல்வி மீண்டும் சமுதாயத்துக்கே பயன்பட்டது.

அடுத்த தலைமுறை வங்கிகளுக்கும் பொறியியல் துறைக்கும் சென்றது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களின் இளைஞர்கள் நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்புகின்றனர். பலர் அங்கேயே குடியேறுகின்றனர். பங்கிட்டுப் பங்கிட்டுச் சுருங்கிய நிலம் ஒரு குடும்பத்தைத் தாங்குவதில்லை. தூர்ந்த ஏரி இரண்டாம் போகத்துக்கு நீர் தருவதில்லை. இவர்கள் ஊர் பெயர்ந்ததைக் குறையாகக் கூறுதல் நேர்மையாகாது.

நகர வாழ்விலும் இன்னல் உண்டு. கதிரவன் மறையும் முன் உணவு உண்ணும் நோன்பு, இரவு முறைப் பணியில் தடைப்படுகிறது. கிழங்கு நீக்கிய உணவு விடுதியில் கிடைப்பதில்லை. நடந்து செல்லும் தொலைவில் ஜினாலயம் அமைவது அரிது. ஊரிலோ, முதியோர் இருவர் மூவரும் உபாத்தியாயர் குடும்பமும் மட்டுமே நாள் வழிபாட்டைத் தாங்குகின்றனர். உபாத்தியாயரின் பிள்ளைகளும் படித்து வேலைக்குச் செல்லும் காலம் இது. அடுத்து அபிடேகம் செய்வார் யாவர் என்னும் கேள்வி பல ஊர்களில் எழுந்துவிட்டது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறியோரும் இத்தொகையில் அடங்குவர். ஆகவே தமிழ்ச் சமணர் தொகை இதனினும் குறைந்தது. 2014 சனவரியில் சமணர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். சட்டம் உதவித்தொகை தரும், உரிமை தரும். ஊர்க்கோயிலில் மாலை விளக்கேற்றுவது சட்டத்தால் ஆகாது.

வரலாறு காட்டும் வழி

வேடால் ஊரார் 500 மாணவியரின் உணவுப் பொறுப்பைக் கல்லில் எழுதி ஏற்றனர். இன்று ஓர் ஊரைச் சேர்ந்த குடும்பங்கள் எங்கிருந்தாலும், உபாத்தியாயரின் வாழ்க்கைச் செலவைத் தமக்குள் பங்கிட்டு எழுத்தில் ஏற்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் ஒவ்வொரு குடும்பமும் தம் ஊர் ஜினாலயத்தில் பூசை முறை ஏற்றால், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊருக்கு வாரம் ஒரு குடும்பம் திரும்பி வரும். அதனுடன் பிள்ளைகளும் வருவர். எந்தக் கல்லில் யார் பெயர் உள்ளது, எந்த நிலம் கோயிலுக்கு உரியது, எந்த வீட்டுப் பரணில் ஏடு உள்ளது என்பவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கலாம். குடந்தையில் நடந்தது போன்ற வாசிப்பை நகரத்து வீட்டுக் கூடங்களில் திங்களுக்கு ஒருமுறை நடத்தலாம். ஸ்ரீபுராணத்துக்கும் மேருமந்தர புராணத்துக்கும் பொருள் கூறவல்ல பெரியோர் இன்றும் உள்ளனர்.

திருப்பருத்திக்குன்றத்தின் வேகவதியும், மாகறலின் சேயாறும், பாலாறும் திருமுக்கூடலில் ஒன்றுகூடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை வெறும் மணலாகவே கிடக்கின்றன. மழைக்காலத்தில் நீர் வரும்போது, ஆற்றின் வழி தூராமல் இருந்தால் மட்டுமே அது ஏரியைச் சென்று சேரும். ஊர் பெயர்ந்த குடிகளுக்கும் அவர்தம் ஜினாலயத்துக்கும் இடையே உள்ள வழியும் அத்தகையது. அதனைத் தூர்வாரும் பொறுப்பு இத்தலைமுறையினுடையது.